தவளைகளுக்காக ஐந்து நிமிடம்

யேசுரட்ணம் அண்ணையின் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டு நீங்கள் கடைக்குப் போய், சாமான் வாங்கி, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அப்போதும் அவர் வரவேற்புரையில்தான் நிற்பார். இதை அவருக்கு முன்னாலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார். "மலர், அது ஒரு கலை பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஸ்காபரோவில் நாங்கள் இருந்த கட்டடத்தில், நாலாம் மாடியில், என் கதவுக்கு அடுத்த கதவு அவருடையது. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். ஆனால் அவர் ஊரான இளவாலைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சங்கக்கடையைச் சொல்லமாட்டார்கள். கோயில் பெருநாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வாசிகசாலை ஆண்டு விழா என்று எல்லாவற்றிலும் ஒலித்த குரலைத்தான் சொல்வார்கள். கனடாவுக்கு வந்த பிறகு டவுன்ரவுனில் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை. நீலச் சட்டை, தொப்பி, இடுப்பில் வோக்கிரோக்கி. காலையில் அவரைக் கடந்து நூற்றுக்கணக்கான பேர் போவார்கள். அவர் "குட் மோர்னிங்" என்பார். பாதிப்பேர் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு கிழமை முழுக்க அந்த இரண்டு சொல்லோடு நிற்கிற மனுசனுக்கு சனி ஞாயிறில் ஒரு மேடை கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கும். அவர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் இருந்தது. ஆனாலும் அந்த ஒன்றை நான் மறக்கவில்லை.

அவருடைய மனைவி அன்ரனெற் அக்கா தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் வந்து சேர்ந்தார். கட்டையான, அமைதியான பெண். வந்து சில மாதத்துக்குள், கடலைக் கடந்து வரப் புறப்பட்ட அவருடைய தம்பி கரை சேரவில்லை என்று செய்தி வந்தது. அதோடு அவர் வீட்டை விட்டு வெளியே போவதை விட்டுவிட்டார். கோயிலுக்கும் இல்லை, கடைக்கும் இல்லை. டொக்டர் குளிசை கொடுத்தார். நான் போய்க் கூப்பிட்டால், "நாளைக்கு வாறன் தங்கச்சி" என்பார். நாளைக்கும் அதையே சொல்வார். யேசுரட்ணம் அண்ணை வேலையால் வந்து சமைத்து, உடுப்புத் தோய்த்து, மனைவிக்கு முன்னால் இருந்து ஊர்ப்புதினம் எல்லாம் சொல்லிப் பார்த்தார். எதுவும் சரிவரவில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பள்ளமான ஈரநிலம் இருந்தது. நாணலும் கோரையும் ஆளுயரத்துக்கு நிற்கும். ஓரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன ஷொப்பிங் வண்டி ஒன்று பாதி சேற்றில் புதைந்து கிடக்கும். நாங்கள் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த ஏப்ரலில், பனி கரைந்த பிறகு, ஒரு பொழுதுபட்ட நேரம் அன்ரனெற் அக்கா பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கீழே தவளைகள் கத்தின.

"கதவைச் சாத்தும், வீடு குளிருது" என்றார் அண்ணை.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் அக்கா.

அது ஒவ்வொரு நாளும் நடந்தது. ஒரு நாள் அண்ணை சாத்தச் சொன்னபோது பதில் வரவில்லை. பார்த்தால் அக்கா வீட்டில் இல்லை. பதைபதைத்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். இருவரும் கீழே ஓடினோம். பள்ளத்தின் ஓரத்தில், புல்லுக்குள், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா நின்றார்.

"ஊர்த் தவளை மாதிரி இல்லை, மலர். இது விசில் அடிக்குது. எப்பிடியிருக்கும் எண்டு பாப்பம் எண்டு வந்தனான்."

அதன் பிறகு அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். தோளில் சிவப்புப் பட்டை போட்ட கறுத்தக் குருவிகள் கோரை நுனியில் ஆடுவதை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். அங்கே போய்வரத் தொடங்கி, பிறகு பக்கத்துக் கடை, பிறகு பஸ், பிறகு கோயில் என்று மெல்ல மெல்ல நடமாட வந்தார். டொக்டர் தன் குளிசை வேலை செய்ததாக நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இனி எங்கள் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் செயலாளர், யேசுரட்ணம் அண்ணை தலைவர். இரண்டு மணிக்கு என்று அறிவித்தால் மூன்று மணிக்கு ஆட்கள் வருவார்கள். பிறகு இறந்தவர்களுக்கு அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஐந்து மணிக்கு நூலகக்காரி வந்து லைற்றை நிற்பாட்டும் நேரத்தில்தான் புத்தகத்தைத் திறப்போம். நன்றியுரையைப் பல தடவை கார்த் தரிப்பிடத்தில் நின்று கேட்டிருக்கிறோம்.

தொண்ணூற்றாறு தொடக்கத்தில் வட்டத்தில் சேர்ந்த வசுமதி ஒரு யோசனை சொன்னார். தமிழ்நாட்டுப் பெண், பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து கார் ஓடி வருகிறவர், தாவரவியல் படித்தவர். "இந்த வருஷம் பூரா இயற்கையைப் பத்தின பழைய நல்ல புத்தகங்களாப் படிக்கலாமே. காடு, பறவை, ஆறு, அதையெல்லாம் காப்பாத்தணும்னு முதல்ல எழுதினவங்க."

"ஊரில சனம் சண்டையால இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ படுத்துக் கிடக்குது. நாங்கள் இஞ்ச மரத்தைப் பற்றிப் படிக்கப்போறமோ?" என்று நவரட்ணம் அங்கிள் முறைத்தார். ஓர் அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அண்ணை தன் தலைமைக் குரலில் சம்மதம் தெரிவித்தார். அவருக்குக் காட்டிலும் ஆற்றிலும் அக்கறை இருந்ததென்று நான் சொல்லமாட்டேன். புதுத் தலைப்பு என்றால் புது வரவேற்புரை எழுதலாம், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டில் வேறு ஒன்று நடந்தது. அக்காவுக்கு ஆங்கிலப் புத்தகம் வாசிப்பது கஷ்டம். அண்ணை பின்னேரங்களில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு போவார். நல்ல குரல் அது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அலங்காரம் ஏதும் இல்லாமல், ஒரே ஒரு ஆளுக்காக, மெதுவாகச் சொல்வார். மேடையில் ஒரு நாளும் அவர் அப்படிப் பேசியதில்லை.

ஏப்ரல் மாதப் புத்தகம், வெளிச்சவீட்டுக் காவலாளி ஒருவர் நூறு வருடத்துக்கு முன் எழுதியது. வெளிச்சவீட்டுக்குப் பின்னால் ஓர் உப்புச் சதுப்பு. வருடா வருடம் அங்கே எந்தப் பறவை எப்போது வந்தது என்று அந்த மனுசன் எழுதிக்கொண்டே இருக்கிறார். கரையோரப் பண்ணைக்காரர் வாய்க்கால் வெட்டிச் சதுப்பைக் காயவிடுகிறார்கள். பறவைகள் குறைகின்றன. கடைசியில் ஒரு வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை. அதையும் அவர் அழகாக எழுதி வைத்திருக்கிறார். வட்டத்தில் எல்லோரும் அந்த அழகைப் பற்றியே பேசினோம்.

அக்கா வழக்கம்போலப் பின்வரிசையில், தேத்தண்ணிப் போத்தலுக்கும் றோல்ஸ் தட்டுக்கும் பக்கத்தில் இருந்தார். எங்கள் வட்டத்தில் பெண்சாதிமாரின் இடம் பெரும்பாலும் அதுதான். என் வாயால் அதைப் பற்றி நான் சொல்லாததா! அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அந்த மனுசன் எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதானே இருந்தவர். போய் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

அக்கா தொடர்ந்து சொன்னார். "எங்கட கட்டடத்துக்குப் பின்னால ஒரு பலகை நட்டிருக்கினம். பிளாசா வரப்போகுதாம். நான் கேட்டனான்."

அது உண்மைதான். நகரசபை அறிவித்தல் பலகை ஒன்று கோரைக்குள் நின்றது. பள்ளத்தை மண்போட்டு மூடிக் கடைத்தொகுதியும் கார்த் தரிப்பிடமும் கட்ட ஒரு கொம்பனி விண்ணப்பித்திருந்தது. ஜூன் மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். ஓர் அமைப்புக்கு ஒருவர் பேசலாம். ஐந்து நிமிடம்.

வசுமதி உடனே எழுந்தார். "அக்கா, நீங்க பேசுங்க. அந்த இடம் உங்களுக்கு என்ன செஞ்சதுன்னு சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, நான் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்றேன்."

அக்கா றோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எங்களிடமே சொல்லிப் பார்த்தார். "நான் என்னத்தைச் சொல்ல? தம்பி போன பிறகு எனக்கு வெளியில போக ஏலாமல் இருந்தது. செருப்பைப் போட்டாலே நெஞ்சு இடிக்கும். அந்தச் சத்தம்தான் என்னைக் கீழ இறக்கினது. அதை மூடினால் நான் எங்க போறது? இதைத்தான் சொல்லுவன்."

நவரட்ணம் அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது போதும், அக்கா, அது அப்படியே போதும் என்று எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

அப்போது அண்ணை எழும்பினார். "சமையலறை வேற, சபை வேற. அவவுக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. அந்த இடத்தில நாக்குத் தடக்கினால் எங்கட சமூகத்துக்கே வெக்கம். நான் அவவின்ரையையும் சேர்த்துச் சொல்லுறன்." மனைவியின் பக்கம் திரும்பி, "என்ன, சரிதானே?" என்றார்.

"ஓம்" என்றார் அக்கா. "நீங்கள்தானே நல்லாப் பேசுவியள்."

அண்ணை அதைப் பெருமைக்காக மட்டும் செய்தாரென்று சொன்னால் அது அநியாயம். அந்தப் பெண் ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவர் அவர். அந்தப் பள்ளம் போனால் திரும்பவும் சுவர்தான் என்று அவருக்குப் பயம் பிடித்திருந்தது. தன்னிடம் உள்ளதிலேயே சிறந்ததை மனைவிக்காகக் கொடுக்க நினைத்தார். அவரிடம் இருந்த சிறந்தது பேச்சு. அந்த மாதம் முழுக்க எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார். ஆங்கிலத்தைத் திருத்த என்னிடம் கொண்டுவந்தார். "அண்ணை, இது நீளம்" என்றேன். "வேகமாப் பேசுவன்" என்றார். "அக்கா சொன்னது எங்க?" என்றேன். கடைசிப் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "முத்தாய்ப்பு, பிள்ளை. சபையைக் கையில எடுத்த பிறகுதான் அதை விடவேணும்."

கூட்டத்தன்று வட்டம் முழுக்க வந்திருந்தது. அதிசயமாக நேரத்துக்கே வந்திருந்தோம். அண்ணை கோட் சூட். அக்கா மண்ணிறச் சேலைக்கு மேல் சுவெற்றர் போட்டு முன்வரிசையில் இருந்தார். பேசுகிற இடத்தில் நேரம் காட்டும் ஒரு சிறிய விளக்குப் பெட்டி. பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஓடுகிற சப்பாத்தோடு வந்தவர், போய் நின்றார். "பள்ளத்தை மூடினால் தண்ணீர் எங்கே போகும்? ஏற்கெனவே என் நிலக்கீழ் அறைக்குள் வருகிறது" என்று கேட்டார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே வந்து இருந்துவிட்டார். உறுப்பினர்கள் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு அண்ணை. மாண்புமிகு தலைவர் அவர்களே என்பதை ஆங்கிலத்தில் சொல்லித் தொடங்கினார். மேசையில் இருந்த ஒவ்வோர் உறுப்பினரின் பெயரையும் விசாரித்து, உச்சரிப்புப் பழகி வந்திருந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விளித்தார். உத்தியோகத்தர்களை விளித்தார். பெரியோர்களை, தாய்மார்களை விளித்தார். எங்களுக்குத் தஞ்சம் தந்த நாட்டுக்கு நன்றி சொன்னார். இந்த மண்டபத்தைக் கட்டியவர்களுக்கும் நன்றி சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு பழந்தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்த பெருமைக்கு வந்தார். குறிஞ்சி, மலையும் மலை சார்ந்த இடமும். மஞ்சள் விளக்கு எரிந்தது.

அண்ணை அதைக் கண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எங்கள் மேடைகளில் "சுருக்கவும்" என்று எழுதிய துண்டு வந்தால் பேச்சாளர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு இன்னும் உற்சாகமாகப் பேசுவார். துண்டு வராத பேச்சாளருக்குத்தான் வெட்கம். அந்த மஞ்சள் விளக்கையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். குரலை உயர்த்தினார். முல்லை. எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். தண்ணீர் நிற்கிற நிலமான மருதத்துக்கு அவர் வாய் எடுத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் நின்றுவிட்டது.

"நன்றி ஐயா, உங்கள் நேரம் முடிந்தது" என்றார் கூட்டத் தலைவர்.

"ஒரே ஒரு நிமிடம்" என்று அண்ணை மைக் இல்லாமல் கேட்டார். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார். ஓர் உறுப்பினர், வயதான மனுசி, இரக்கத்தோடு முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்: "மிகவும் அழகான பேச்சு. நீங்கள் இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?"

அண்ணையின் கையில் கடைசிப் பக்கம் இருந்தது. "எதிர்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து இருந்தார்.

வசுமதி ஓடிப்போய், பெயர்ப்பட்டியல் வைத்திருந்த எழுதுவினைஞரிடம் கேட்டுப் பார்த்தார். பெயர் கொடுக்காதவர் பேச முடியாது. அக்கா இருந்த இடத்திலேயே இருந்தார். திட்டம் நிறைவேறியது. அக்கா பேசியிருந்தால் அது நின்றிருக்கும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஒருவேளை நின்றிராது. ஆனால் சொல்லப்பட்டாவது இருக்கும். அந்தக் கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில், தமிழ்ச் சமூகத்தின் சார்பில் ஒருவர் நகரசபைக்கு நன்றி தெரிவித்தார் என்று ஒரு வரி வந்தது.

திரும்பும்போது மூவரும் பஸ்ஸில் வந்தோம். எங்கள் தரிப்புக்குக் கிட்ட வந்தபோது அண்ணை, "கடைசிப் பக்கத்துக்குப் போக விடேல்லை" என்றார்.

"நல்லாப் பேசினியள்" என்றார் அக்கா. அதில் குத்தல் இல்லை. குத்தலாக இருந்திருந்தால் அந்த மனுசனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து நெடுநாள் அண்ணையின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத்தான் மனம் வரவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் அண்ணை எழுந்து, யாரையும் விளிக்காமல், "நான் இனித் தலைவர் இல்லை" என்று சொல்லிவிட்டு இருந்தார். சபையடக்கம் என்று நினைத்து எல்லோரும் கெஞ்சினார்கள். அவர் மனம் மாறவில்லை. இலையுதிர் காலத்தில் லொறிகள் வந்தன. மண் கொட்டினார்கள். அக்கா ஒரு தரம் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு பின்பக்க வாசலால் அவர் இறங்கியதை நான் காணவில்லை.

அடுத்த வருடம் பிளாசா திறந்தது. அதில் ஒரு தமிழ்க் கடையும் வந்தது. கருவாடும் முருங்கைக்காயும் கூப்பிடு தூரத்தில். வட்டத்துக்காரர் எல்லோரும் அங்கேதான் சாமான் வாங்கினோம், நானும்தான். திறப்பு விழாவுக்கு அறிவிப்பாளராக வரச்சொல்லிக் கடைக்காரர் அலெக்ஸாண்டர், யேசுரட்ணம் அண்ணையின் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். "உங்களை விட்டால் ஆர் அண்ணை இருக்கினம்?" என்றார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "போங்கோவன்" என்று கணவரிடம் சொன்னார். "உங்களுக்கு அது நல்லா வரும்."

அண்ணை தேத்தண்ணியைத் தொடவில்லை. "எனக்குத் தொண்டை சரியில்லை" என்றார். அந்தத் தொண்டை பிறகு ஒரு நாளும் சரியாகவில்லை. பெருநாளுக்கும் கேட்டார்கள், கல்யாண வீட்டுக்கும் கேட்டார்கள். மைக்கைக் கண்டால் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுவார். தேத்தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில்.

போன ஏப்ரலில் ஒரு பொழுதுபட்ட நேரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சோபாவில் போர்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். ரீவி சத்தமில்லாமல் ஓடியது. குளிசைப் போத்தல் திரும்பவும் மேசைக்கு வந்திருந்தது. அண்ணை வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கீழே கார்த் தரிப்பிடத்தில் விளக்குகள் எரிந்தன. சாமான் லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

"சாத்துங்கோ, வீடு குளிருது" என்றார் அக்கா.

அண்ணை திரும்பாமல் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம்."